அமைதி காக்கவும்

கிளை நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் கேட்பவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். "உங்களுக்கென்ன சார், உக்காந்து நிறையப் படிச்சிருப்பீங்க" என்பார்கள். அல்லது உதட்டில் விரலை வைத்து "உஷ்..." என்று காட்டிச் சிரிப்பார்கள். முதலாவது உண்மையில்லை. மிட்டாய்க்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நாள் முழுக்க அல்வாவா சாப்பிடுகிறார்? இரண்டாவது பாதி உண்மை. 1984இல் வேலைக்குச் சேர்ந்து 2016இல் ஓய்வு பெறும் வரை புத்தகம் எடுத்துக் கொடுத்த நேரத்துக்குக் குறையாமல் சத்தத்தோடு மல்லுக்கட்டிய நேரமும் இருக்கும். ஆனால் விரலை வைத்து "உஷ்" சொன்னதில்லை. அந்த "உஷ்" இருக்கிறதே, அதுதான் ஹாலிலேயே பெரிய சத்தம். இருபது பேரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

நான் வேலை பார்த்தது எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்தான். ஐந்து ஊர்கள். கிளை நூலகம் என்றால் பெரும்பாலும் ஒரே ஹால். வாசலையொட்டி நூலகர் மேசை, அதன்மேல் வருகைப் பதிவேடு, நூலில் கட்டிய பேனா. (நூலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் நூல் அதுதான் என்று என் சக நூலகர் ஒருவர் சொல்வார்.) நடுவில் நாளிதழ் மேசை, பக்கத்தில் வார, மாத இதழ் மேசை, பின்னால் அலமாரிகள். இடையில் சுவர் கிடையாது. பேப்பர் படிப்பவர், கதைப் புத்தகம் தேடுபவர், பரீட்சைக்குப் படிப்பவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே காற்று, ஒரே சத்தம்.

சத்தம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது வேலைக்கு வந்த சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். இரும்பு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினால் தரையில் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், பல் கூசும். அதற்கு வாசகரைத் திட்டி என்ன பயன்? சைக்கிள் கடையிலிருந்து பழைய ட்யூப் வாங்கி வந்து துண்டு துண்டாக வெட்டி நாற்காலிக் கால்களுக்கெல்லாம் மாட்டினேன். செலவு ஒன்றுமில்லை. கடைக்காரரே நம் வாசகர்தான், ராஜேஷ்குமார் நாவல் விடாமல் எடுப்பவர்.

மின்விசிறியைப் பற்றி ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை. அது கடகடவென்று ஹால் முழுக்க ஆடிக்கொண்டு சுற்றும். எதிரிலிருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. ஆனால் யாருக்கும் தொந்தரவில்லை, ஏனென்றால் அதில் வார்த்தை இல்லை. அதே ஹாலில் மூலையில் இரண்டு பேர் கிசுகிசுவென்று பேசினால் போதும், எல்லார் காதும் அங்கே போய் நின்றுகொள்ளும். பாதி வார்த்தை கேட்கும், மீதியை மனசு தானே இட்டு நிரப்பும். கையிலிருக்கும் பக்கம் அப்படியே நிற்கும். ஆகவே சத்தம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அதில் பேச்சு இருக்கிறதா என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

"அமைதி காக்கவும்" என்ற பலகை மூன்று இருந்தன. அதில் பெரிய பலகைக்கு நேர்கீழேதான் எங்கள் ஊர் அரசியல் விவாதம் தினமும் நடக்கும்.

பெரிய மனிதர்கள் சத்தம் தனி. ஒன்றியம், வட்டம் என்று ஏதாவது ஒரு கட்சியில் ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பவர்கள். உள்ளே வரும்போதே "என்ன சார், நம்ம லைப்ரரி எப்படிப் போகுது?" என்று கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று இவர்களிடம் சொன்னால் மறுநாள் என் மேல் மனு போகும். நான் ஒன்று செய்வேன். அவர் பேச ஆரம்பித்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து புரவலர் படிவத்தை எடுத்து நீட்டுவேன். ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர், பெயரைப் பலகையில் எழுதுவோம். "அண்ணே, உங்க பேரு இல்லாம இந்தப் பலகை நல்லாவே இல்லை" என்பேன். அத்தோடு குரல் இறங்கிவிடும். அப்படி மூன்று பேர் உண்மையிலேயே புரவலர் ஆனார்கள். நாலாமவர் வருவதை நிறுத்திக்கொண்டார். இரண்டுமே நூலகத்துக்கு லாபம்தான்.

பிள்ளைகள் சத்தத்துக்கு மட்டும் நான் மருந்து தேடியதில்லை. தொண்ணூறுகளில் சிறுவர் மலர் வெள்ளிக்கிழமை வரும். நூலகத்துக்கு அன்று வார விடுமுறை. சனிக்கிழமை காலை கதவைத் திறக்கும்போது பத்துப் பதினைந்து வாண்டுகள் வாசலில் நிற்கும், யார் முதலில் எடுப்பது என்று ஒரே அடிதடி. சில ஆண்டுகளில் அந்தக் கூட்டம் தானாகவே கரைந்து டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. சனிக்கிழமை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை எனக்குப் பிடிக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் படிப்பது நம் ஊரில் பிற்காலத்தில் வந்த பழக்கம்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைக் கூட்டமாகக் கத்தித்தான் மனப்பாடம் செய்தார்கள். டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். கட்சிப் படிப்பகங்களிலும் அதே கதைதான். என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். பக்கத்து வீட்டு அத்தை மத்தியானம் தொடர்கதையைச் சத்தமாகப் படிக்க, அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். இதெல்லாம் வாசிப்பு இல்லையா? நூலக அறிவியலுக்கே தந்தை என்று நாம் கொண்டாடும் எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், 1931இல் ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டார். புத்தகம் பயன்படவே இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, வாசகர் நேரத்தை வீணாக்காதே என்று போகும். நூலகப் படிப்பில் அதை நெட்டுருப் போட்டுத்தான் தேர்வு எழுதினோம். ஐந்தில் ஒன்றுகூட "பேசாதே" என்று சொல்லவில்லை!

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லத்தான்.

2012ஆம் ஆண்டு. மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதே பேச்சு. நான் அப்போது இருந்த ஊரிலும் ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. மின்விசிறி நின்றதும் ஹால் திடீரென்று செவிட்டுக் காதுக்குத் திறப்பு வந்த மாதிரி ஆகிவிடும். அதுவரை கடகட சத்தத்தில் மூழ்கிக் கிடந்த குரல்கள் எல்லாம் தெளிவாக எழும்பும். அப்படி எழும்பிய குரல்களில் ஒன்று அந்தப் பெரியவருடையது.

எழுபதை நெருங்கிய வயது. கல் குவாரியில் உடைத்து உடைத்து ஒரு கையில் இரண்டு விரல் மடங்காது. காலை எட்டரைக்கு வருவார், துண்டை உதறி நாற்காலியில் போட்டு உட்கார்ந்து, தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து எடுப்பார். "லா-ரி... க-விழ்ந்-து... லாரி கவிழ்ந்து... இ-ரு-வர்..." என்று விரலை வைத்து ஓட்டுவார். தாழ்ந்த குரல்தான். ஆனால் ஒரே சீராக, விடாமல், பதினோரு மணி வரை. வரி விளம்பரத்தையும் விட மாட்டார். விசிறி ஓடும்வரை யாருக்கும் கேட்காது. விசிறி நின்றால் அலமாரிக் கடைசி வரை கேட்கும்.

அதே ஹாலில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் பதினைந்து பேர் போல வந்துகொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் பாடப் புத்தகங்களைக் குவித்து வைத்துக்கொண்டு படிப்பார்கள். அதில் ஒரு பெண். பி.எஸ்சி. முடித்தவள், அப்பா தையல்காரர். வீடு என்பது தையல் மிஷின் ஓடுகிற முன்னறையும் சமையல் நடக்கிற பின்னறையும்தான். ராத்திரி படிக்கலாமென்றால் கரண்ட் இல்லை. பகல் வெளிச்சமும் ஒரு மேசையும் அவளுக்குக் கிடைக்கிற ஒரே இடம் எங்கள் ஹால். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைசி மூலையில் உட்காருவாள்.

ஒரு நாள் என் மேசைக்கு வந்தாள்.

"சார், அந்தத் தாத்தாவை வெளிய அனுப்பச் சொல்லலை. ஆனா அவர் படிக்கிறது எனக்குள்ள போகுது சார். காலைல பல்லவர் வரலாறு படிச்சேன். ராத்திரி கண்ணை மூடி நினைச்சுப் பார்த்தா மகேந்திரவர்மன் வரலை, லாரி கவிழ்ந்துதான் வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை கெடைக்கலேன்னா தை மாசம் கல்யாணம்னு வீட்டுல சொல்லிட்டாங்க சார்" என்றாள்.

அன்றைக்கே பெரியவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். நாலு பேர் முன்னால் சொல்வதில்லை என்பது நான் வைத்திருந்த வழக்கம். "ஐயா, கொஞ்சம் மனசுக்குள்ளயே படிங்களேன். பிள்ளைக பரீட்சைக்குப் படிக்குதுக."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மனசுக்குள்ள எப்படிங்க சார் படிக்கிறது?"

கிண்டல் இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

"வாயில சொன்னாத்தான் சார் எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. சொல்லாட்டி தனித்தனியா நிக்கிது."

புதுக்கோட்டைக்காரர்களுக்கு அறிவொளி இயக்கம் என்றால் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் ஊராக ராத்திரி விளக்கை வைத்துப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். குவாரிப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு மாவட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்ததும் அப்போதுதான். இவரும் மனைவியும் அந்த வகுப்புக்குப் போனவர்கள். "அவ சைக்கிளு கத்துக்கிட்டா, நான் எழுத்துக் கத்துக்கிட்டேன். அவ சைக்கிளை எடுத்துக்கிட்டுச் சொந்தக்காரவுக வீட்டுக்கெல்லாம் போயிருவா. நான் எங்க போறது? பேப்பரு எங்க இருக்கோ அங்கதான்" என்றார். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகன் வீட்டில் இருக்கிறார். மருமகள் வேலைக்குப் போகும் முன் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விடுவாள், சாயங்காலம்தான் திறப்பாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவருக்கு வாய்தான் கண். அதை மூடச் சொன்னால் படிப்பையே மூடச் சொன்ன மாதிரி.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் முற்றிவிட்டது. தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் ஆலோசனைப் பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கீழே பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். முதியவர்கள் காலையில் வரக் கூடாது, மத்தியானத்துக்கு மேல் வரட்டும் என்று கோரிக்கை. அந்தப் பெண் கையெழுத்துப் போடவில்லை, பார்த்தேன். நாளிதழ் மேசைக்காரர்களுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து நின்றார். "யாரு வீட்டுல யாரு யாரை வரக் கூடாதுங்கிறது? வீட்டு வரியில ரூபாய்க்குப் பத்துப் பைசா லைப்ரரி வரின்னு கட்டுறது நாங்க. உங்க பேர்ல வீடு இருக்கா?" ஒரு பையன், "எங்கப்பாவும்தான் சார் கட்டுறார். அவரு வந்து உக்காரலை, அவரு எடத்துல நான் உக்காந்திருக்கேன்" என்றான். வரி விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதும் சரிதான். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நம் நூலகங்கள் ஓடுவதே அந்த வரியில்தான். ஆனால் எந்த மணிக்கு யார் பேப்பர் படிக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

நடந்த கூச்சலில் பெரியவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தன்னால்தான் சண்டை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நேரம் பிரித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. மத்தியானம் வா என்றால் காலையில் அவர் எங்கே போவார்? பூட்டின வீட்டு வாசலிலா? அந்தப் பெண்ணை வீட்டில் படி என்றால் எங்கே படிப்பாள்? இரண்டு பேருக்குமே வேறு இடம் கிடையாது. இதில் யார் செய்வது சரி, யார் செய்வது தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஹாலுக்கு ஒரு சுவர் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. சுவர் கட்டப் பணம் கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். இருக்கிற சுவர் வாசல் சுவர்தான். அதற்கு வெளியே ஐந்தடி அகலத்தில் வராந்தா, மேலே சிமெண்ட் ஷீட்.

அங்கே ஒரு பெஞ்ச் வேண்டும். மரக்கடைக்காரர் ஒருவர், அவரும் நம் உறுப்பினர், பழைய சட்டங்களை வைத்து அடித்துக் கொடுத்தார். அடுத்த சிக்கல் பேப்பர். நூலகப் பேப்பர் ஹாலை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் திரும்பி வரும்போது நடுப் பக்கம் இருக்காது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் பேசினேன். அவர் கடைக்கு வரும் தினத்தந்தி ஒன்பதரை வரைக்கும்தான் வாடிக்கையாளர் கையில் இருக்கும், பிறகு வடை மடிக்கப் போய்விடும். வடைக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம் எங்கள் பெஞ்சுக்கு வரட்டும் என்று ஏற்பாடு.

பேப்பர் கிடைத்தது, பெஞ்ச் கிடைத்தது. ஆளை எப்படி வெளியே உட்காரச் சொல்வது? ஒருவரை வெளியே உட்காரச் சொல்வதற்கு நம் ஊரில் என்னென்ன அர்த்தம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். எதிர் மரத்தடியில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். கண்ணில் புரை விழுந்து, ஊசி கோக்கவே ஆளைக் கூப்பிடுவார். தினமும் என்னைப் பார்த்ததும் "இன்னைக்கு என்ன சேதி சார்?" என்று கேட்பார். பெரியவர் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டின கதவுக்கு முன்னால் திண்ணையில்தான் இருந்தார்.

"ஐயா, வராந்தாவுல பெஞ்ச் போட்டிருக்கேன். அங்க உக்காந்து படிங்க. எதுத்தாப்புல இருக்கவருக்குக் கண்ணு தெரியலை, நீங்க படிச்சா அவரும் கேப்பாரு."

"என்னை வெளிய அனுப்புறீகளா சார்?"

சுற்றி வளைக்கவில்லை. "ஆமாங்கய்யா. அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை இருக்கு. உள்ள இருக்கவங்களுக்கு உங்க சத்தம் வேண்டாம். வெளிய இருக்கவருக்கு வேணும்."

பதில் சொல்லவில்லை. நாலு நாள் வரவில்லை. பெஞ்ச் சும்மா கிடந்தது. ஐந்தாம் நாள் வந்தார். நேராக ஹாலுக்குள் என் மேசைக்கு வந்து நூலில் கட்டிய பேனாவை எடுத்தார். "வெளிய உக்காந்துக்கிறேன். ஆனா கையெழுத்து உள்ள வந்துதான் போடுவேன்" என்றார். மடங்காத விரலோடு பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதி முடித்துவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஒரு வருடப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அவர் கையெழுத்தில் எழுத்துகள் ஒன்றையொன்று நெருங்கி வந்திருப்பது தெரியும்.

வராந்தாவில் முதலில் செருப்புத் தைக்கிறவர் மட்டும். அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்கள் இரண்டு பேர். பெரியவருக்குச் சத்தமும் கூடியது, வேகமும் கூடியது. கேட்க ஆளிருந்தால் எழுத்து இன்னும் சீக்கிரம் ஒட்டும்போல. கதவைச் சாத்தினால் உள்ளே கேட்காது. சாத்தினால் புழுக்கம், கரண்ட் வேறு இல்லை. அதனால் பாதிக் கதவு. முழுத் தீர்வு என்று ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் சிமெண்ட் ஷீட் தகிக்கும், பெஞ்ச் காலியாகிவிடும். ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும், பேப்பர் நனையும். அந்த நாட்களில் பெரியவர் உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். குறட்டை வருவதற்கு முன் நான் போய்த் தொட்டு எழுப்புவேன். அந்தப் பெண்ணும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல்தான் இருந்தார்கள். சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுதினால் பொய்.

பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்றேனே, தேர்வு நெருங்க நெருங்க அந்தப் பையன்களே ஜோடி ஜோடியாக உட்கார்ந்து "இந்தியாவின் நீளமான நதி எது?" "தமிழ்நாட்டின் மாநில மரம் எது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். நாளிதழ் மேசை வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் எழுந்து போன பிறகு வராந்தா பெஞ்சை அவர்களுக்குக் கொடுத்தேன். பெஞ்சுக்கு அப்புறம் ஓய்வே இல்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், வெளியே உட்கார்ந்திருப்பவர்களை எப்படி வாசகர் கணக்கில் சேர்த்தீர்கள் என்று கேட்டார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். பெரியவர் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். டீ குடித்தார். ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். நல்ல மனிதர்.

அந்தப் பெண்ணுக்கு அந்த வருடம் கிடைக்கவில்லை. தை மாதக் கல்யாணமும் நடக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டில் கேட்ட நகை ஒத்துவரவில்லையாம். அடுத்த தேர்வில் தேறி இளநிலை உதவியாளர் வேலை கிடைத்து, இனிப்புப் பெட்டியோடு வந்தாள். எனக்குக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ப் பெரியவரிடமும் நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "எந்த ஆபீசு ஆத்தா? பட்டா மாத்திக் குடுக்குற ஆபீசா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு பட்டா பல வருடமாக நிலுவையில் இருந்தது. அவள் போட்ட ஊர் வேறு மாவட்டம். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இப்போதெல்லாம் பெரிய பெரிய நூலகங்கள் வந்துவிட்டன. 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு மகன் கூட்டிப் போனான். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, நடுவில் செயற்கையாக ஒரு மரம், அதன் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து பரீட்சைக்குப் படிப்பவர்களுக்குத் தனி இடம். 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அதே மாதிரி தளம் தளமாகப் பிரித்திருக்கிறார்கள். யாரையும் யாரும் முறைக்க வேண்டியதில்லை. ஒரே ஹாலில் முப்பது வருடம் காலம் தள்ளியவனுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் நம் தெருவில் இருப்பது இன்னும் அந்த ஒரே ஹால்தானே.

நான் இப்போது குடியிருக்கும் ஊரிலும் கிளை நூலகம் இருக்கிறது. தினமும் போகிறேன், மேசைக்கு இந்தப் பக்கம். நூலகராக இருப்பது ஓர் இளம்பெண். அங்கே அதிகமாகச் சத்தம் போடுவது யார் தெரியுமா? நாம்தான். என் வயதுக்காரர்கள். போன் அடித்தால் அது எந்தப் பையில் இருக்கிறது என்று தேடுவதற்குள் சுப்ரபாதம் ஒரு சுற்று முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "இதைக் கேளுங்க சார்" என்று பக்கத்தில் இருப்பவருக்கும் நீட்டுவோம். வேண்டுமென்று செய்வதில்லை. வயதாகும்போது காதில் முதலில் போவது மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான். பேத்தி பேசுவது புரியாது, பக்கத்து வீட்டு மாடு கத்துவது கேட்கும். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதும் அப்புறம் தெரியாது.

என் நண்பர் ஒருவர், மின்வாரியத்தில் இருந்தவர், பேசினால் ஹாலே அதிரும். அந்தப் பெண் பாவம், சின்னப் பிள்ளை, அவரிடம் சொல்லத் தயங்குவதைப் பார்த்தேன். நான் அவரை வெளியே டீக்கு அழைத்துப் போய், "காதைக் கொஞ்சம் காட்டிடுங்களேன்" என்றேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு மகள் வற்புறுத்திக் கூட்டிப் போய்க் காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மிஷின் புதிதாக மாட்டியவர்களுக்குப் பேச்சு மட்டும் பெரிதாகக் கேட்காது, எல்லாச் சத்தமும் பெரிதாகத்தான் கேட்கும். பாத்திரம் வைப்பது, செருப்புத் தேய்ப்பது, பேப்பர் மடக்குவது எல்லாம் காதுக்குள்ளேயே நடக்கிற மாதிரி இருக்குமாம். போன வாரம் நான் இந்து தமிழ் பேப்பரைத் திருப்பினேன். எதிரிலிருந்து அவர் முகத்தைச் சுளித்து, காதைப் பொத்திக்கொண்டு, "ஏன் சார், பேப்பரைக் கொஞ்சம் மெதுவாத் திருப்பக் கூடாதா?" என்றார்.